இரவில் வாய் திறக்கும் கள்ளி: சப்பாத்திக்கள்ளியை வளர்ப்பது எப்படி, ஏன் அப்படி

நான் முதன்முதலில் தொட்டியில் நட்ட சப்பாத்திக்கள்ளி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. வெளிப்பார்வைக்குப் பச்சைப்பசேலென்று நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் இடம் மாற்றலாம் என்று தொட்டியைத் தூக்கியபோது மடல் அப்படியே சாய்ந்து தரையில் விழுந்தது. மண்ணுக்குள் இருந்த பாகம் பழுப்பேறி, கொழகொழத்து, புளித்த வாடையோடு கரைந்து போயிருந்தது. மற்றச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் இதற்கும் ஒரு குவளை ஊற்றி வந்திருந்தேன். மாதக்கணக்கில் மழையில்லாத நிலத்தில் நிமிர்ந்து நிற்கிற செடி, தினம் ஒரு குவளைத் தண்ணீரில் செத்துப்போனது.

“அதைக் கவனிக்கவே வேண்டாம், தானாக வளரும்” என்று இந்தச் செடியைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. இதற்கும் கவனிப்பு வேண்டும். ஆனால் இதன் உடம்பு ஓடுகிற கணக்கு வேறு. இலைச் செடிகளுக்குச் செய்வதையே இதற்கும் செய்யும்போதுதான் காரியம் கெடுகிறது. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால், எப்போது தண்ணீர் ஊற்றுவது, எந்த மண்ணில் வைப்பது, எந்தப் பக்கம் பார்த்து நடுவது என்பதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கள்ளி’ தமிழில் மிகப் பழைய சொல். ஆனால் சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் கள்ளி இந்தச் செடியாக இருக்க முடியாது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி போன்றவை வேறு குடும்பம், ஆமணக்கின் உறவு. அவற்றைக் கீறினால் பால் வடியும், அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகுதான் கடல் கடந்தது. முள்ளையும் சதைப்பற்றையும் பார்த்த நம்மவர்கள், தெரிந்த பெயரையே இதற்கும் கொடுத்துவிட்டார்கள். மடல் தட்டையாக இருந்ததால் சப்பாத்திக்கள்ளி. படமெடுத்த பாம்பைப் போலத் தோன்றுவதால் நாகதாளி என்ற பெயரும் பொருந்திவிட்டது. இதை வெட்டினால் பால் வராது. வெண்டைக்காயை நறுக்கியதுபோல் நிறமற்ற வழவழப்பான சாறுதான் வரும். கையில் இருப்பது எந்தக் கள்ளி என்று சந்தேகம் வந்தால் இந்த ஒரு சோதனை போதும்.

தாவரவியலில் இதன் பேரினம் ஒபன்ஷியா. கனடாவின் பனிப் பகுதிகளிலிருந்து அர்ஜென்டினாவரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. பழத்துக்காக உலகெங்கும் பயிராவது ஒபன்ஷியா ஃபைகஸ்-இண்டிகா என்ற இனம். ‘இந்திய அத்தி’ என்று அதற்குப் பொருள். அமெரிக்காவை இந்தியா என்று நினைத்துக்கொண்ட ஐரோப்பியர்களின் குழப்பம் அந்தப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெக்சிகோவில் பல ஆயிரம் ஆண்டுகளாக இதை வளர்க்கிறார்கள். அந்த நாட்டின் சின்னத்தில் கழுகு உட்கார்ந்திருப்பதும் இந்தக் கள்ளியின் மேல்தான்.

இலையாகத் தெரிவது தண்டு

பச்சையாக, தட்டையாக, கைவிரித்ததுபோல் இருக்கிற மடலை எல்லோரும் இலை என்றே நினைக்கிறோம். அது தண்டு. உண்மையான இலையைப் பார்க்க வேண்டுமானால், வளரும் பருவத்தில் புதிதாகத் துளிர்த்த, கட்டைவிரல் நீள மடலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் மேல் வரிசை வரிசையாக, நெல்மணியைவிடச் சற்றே பெரிய, உருண்டு திரண்ட பச்சைக் கூம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் இலைகள். சில வாரங்களில் மடல் விரிய விரிய அவை வாடி, விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். ஒவ்வோர் இலை இருந்த இடத்திலும் ஒரு சிறு மெத்தைபோன்ற புள்ளி மிஞ்சும். அதைக் ‘கண்’ என்று வைத்துக்கொள்வோம். முள், சுணை, அடுத்த மடல், பூ, மண்ணில் பட்டால் வேர் என்று எல்லாமே அந்தக் கண்ணிலிருந்தோ அதன் பக்கத்திலிருந்தோதான் புறப்படுகின்றன. மடலில் பாதியை வெட்டி நட்டாலும் பிழைப்பதற்குக் காரணம், ஒவ்வொரு துண்டிலும் பல கண்கள் இருப்பதுதான்.

இலையைத் துறந்த செடி, உணவு தயாரிக்கும் வேலையைத் தண்டிடம் ஒப்படைத்திருக்கிறது. தண்டின் மேல் மெழுகுப் பூச்சு. உள்ளே தண்ணீரைப் பிடித்துவைக்கும் பசை. நன்றாக நீர் குடித்த மடலின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான்.

இதன் வாழ்க்கையில் மிக முக்கியமான வேலை இரவில் நடக்கிறது. சாதாரணச் செடிகள் பகலில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. வெயில் நேரத்தில் துளை திறந்தால் உள்ளிருக்கும் நீரும் ஆவியாகப் போகும். சப்பாத்திக்கள்ளி பகலில் துளைகளை இறுக மூடிக்கொள்கிறது. பொழுது சாய்ந்து, காற்று குளிர்ந்த பிறகு திறக்கிறது. இரவில் எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி மடலுக்குள் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் கதவை மூடிவிட்டு, வெயிலின் வெளிச்சத்தில் அந்தச் சேமிப்பிலிருந்து சர்க்கரை தயாரிக்கிறது. இதை நாக்கினாலேயே அறியலாம்: இளம் மடலைக் காய்கறியாக உண்பவர்கள் அதிகாலையில் பறித்தால் புளிக்கும் என்று சொல்லி, வெயில் ஏறிய பிறகு பறிப்பார்கள். இரவெல்லாம் சேர்ந்த அமிலம் பிற்பகலுக்குள் செலவாகிவிடும்.

பகலில் சுமார் 25 டிகிரி, இரவில் சுமார் 15 டிகிரி செல்சியஸ் என்பது இதற்கு மிகவும் பிடித்த நிலை. இரவிலும் புழுக்கம் குறையாத இடத்தில் செடி சாகாது. ஆனால் வளர்ச்சி மந்தமாகும். அப்படிப்பட்ட நாள்களில் புது மடல் வரவில்லையே என்று உரம் போடுவது வீண். குளிர்காற்று படும் இடத்துக்கு நகர்த்துவதே அதற்குச் செய்யக்கூடிய உதவி.

தண்ணீர்

இதன் வேர் ஆழம் தேடிப் போவதில்லை. பெரும்பாலும் மேல்மண்ணில் ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குள் பரவி, பக்கவாட்டில் நீண்டு கிடக்கும். மண் காய்ந்துவிட்டால் நுண்ணிய வேர்கள் உதிர்ந்துவிடும். மிஞ்சிய தடித்த வேர் தன்னைச் சுற்றி நெட்டிபோன்ற உறையிட்டுக்கொண்டு, மண்ணிலிருந்து சற்றே சுருங்கி விலகி நிற்கும். செடியிலுள்ள நீரை வறண்ட மண் திரும்ப உறிஞ்சிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. மழை பெய்ததும் ஒரு நாளுக்குள்ளேயே புதிய நுண்வேர்கள் முளைத்து, கிடைத்ததை வாரிக் குடித்து மடலில் நிரப்பும். பிறகு மீண்டும் காய்ச்சல், மீண்டும் உதிர்தல்.

நனைவதும் காய்வதும் மாறி மாறி வர வேண்டிய வேர் இது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும்போது மண் ஒருபோதும் காய்வதில்லை. ஈரத்திலேயே கிடக்கும் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. அழுகல் பூஞ்சைக்கு நாமே பாய் விரித்துக் கொடுக்கிறோம். ஆகவே ஊற்றும்போது அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியேறும் அளவுக்குத் தாராளமாக ஊற்ற வேண்டும். அதன்பின் மண் அடிவரை காயும்வரை தொடவே கூடாது. காய்ந்ததா என்று அறிய மேல்மண்ணை நம்பாதீர்கள். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, சில நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். வளரும் பருவத்தில் நல்ல வெயிலில் இருக்கும் நடுத்தரத் தொட்டிக்கு இது பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாக அமையும். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையே அதிகம். கடும் குளிர் உள்ள இடங்களில் அந்தப் பருவம் முழுக்க நிறுத்திவிடலாம். தரையில் நட்டு வேர்பிடித்த செடி மழையையே நம்பி வாழ்ந்துவிடும்.

மடல் சுருங்குவதைப் பார்த்துப் பயந்து குடத்தைத் தூக்குவதுதான் வழக்கமான தவறு. சுருக்கம் இரண்டு காரணங்களால் வரும், இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். தாகத்தால் சுருங்கிய மடல் ஒரே சீராகச் சுருங்கும். அடிப்பாகம் கெட்டியாக இருக்கும். நிறம் மங்கலாம், மஞ்சளாகாது. தண்ணீர் கொடுத்த இரண்டு மூன்று நாளில் நிமிர்ந்துவிடும். அழுகலால் சுருங்கும் மடல் அடியிலிருந்து மஞ்சளாகி, பிறகு நீர்கோத்த கண்ணாடிபோல் மாறும். அழுத்தினால் விரல் புதையும். வேர் அழுகிவிட்டதால் மண்ணில் தண்ணீர் இருந்தும் செடியால் குடிக்க முடியவில்லை. அப்போது மேலும் ஊற்றினால் மிச்சமும் போய்விடும். எனவே ஊற்றுவதற்கு முன் குனிந்து, செடியின் அடியை ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள்.

அழுகல் தொடங்கிவிட்டது என்று தெரிந்தாலும் செடியை இழக்க வேண்டியதில்லை. சுத்தமான கத்தியால் கெட்ட பாகத்துக்கு மேலே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பாகவோ காவி நிறமாகவோ கறை தெரிந்தால், கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் மேலே வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுக்கப் பசுமையும் வெண்மையுமாகத் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. அரை மடல் மிஞ்சினாலும் போதும், அதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

போத்து நடுவது

விதையிலிருந்தும் வளர்க்கலாம், பொறுமை வேண்டும். விதை கல்போல் கெட்டி, முளைக்க வாரங்களோ மாதங்களோ ஆகும், பூப்பதற்குப் பல ஆண்டுகள். மடலைப் போத்தாக நடுவதே எல்லோரும் செய்வது. அப்படி நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பழத்தையே எதிர்பார்க்கலாம்.

துளிர் மடல் வேண்டாம். ஆறு மாதமாவது ஆகி, தடித்து முற்றியதாகப் பாருங்கள். தாய்ச்செடியோடு சேரும் கழுத்து மெலிந்த இடத்தில் வெட்டினால் காயம் சிறிதாக இருக்கும். அடுத்த வேலைதான் ஆர்வக்காரர்களால் பொறுக்க முடியாதது: வெட்டிய மடலை நடாமல், காற்றோட்டமான நிழலில் ஒன்றிரண்டு வாரம் சும்மா போட்டுவைக்க வேண்டும். வெட்டுமுகம் உலர்ந்து, வெளிறிய, அட்டைபோன்ற தோல் கட்டிய பிறகே அது மண்ணுக்குத் தயார். ஈரக் காயத்தோடு நட்ட மடல்களில்தான் அழுகல் முதலில் பிடிக்கும். இந்த இரண்டு வாரத்தில் மடல் செத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அலமாரியில் மறந்துபோன மடல் இரண்டு மாதம் கழித்து விளிம்பில் வெள்ளை வேர் நீட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தோல் கட்டியதும் வெட்டுமுகம் கீழே இருக்குமாறு, மடலின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகுமாறு நேராக நடுங்கள். சாய்ந்தால் இருபுறமும் கல்லை அண்டக் கொடுக்கலாம்; ஆழமாகப் புதைக்காதீர்கள். மண் லேசான ஈரப்பதத்தில் இருந்தால் போதும், ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் தேவையில்லை. ஒரு மாதம் கழித்து மடலை மெதுவாக அசைத்துப் பார்த்தால் மண் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும்.

திசையும் முக்கியம். மடலின் அகன்ற இரு முகங்களும் கிழக்கையும் மேற்கையும் பார்க்குமாறு நடுவது பெரும்பாலான இடங்களுக்கு ஏற்றது. காலை வெயில் ஒரு முகத்தில், மாலை வெயில் மறு முகத்தில் முழுதாக விழும். உச்சி வெயில் மெல்லிய விளிம்பை மட்டும் உரசிப் போகும். காடுகளில் தானாக வளரும் செடிகளிலும் மடல்கள் இப்படி அணிவகுத்து நிற்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மண்ணைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை: நீர் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். தோட்ட மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, பொடிச் சரளையோ உடைத்த செங்கல்லோ ஒரு பங்கு என்ற கலவை நன்றாக ஒத்துவருகிறது. கடற்கரை மணல் கூடவே கூடாது. வறட்சியைத் தாங்கும் இந்தச் செடி உப்பைத் தாங்காது. உப்புநீர் ஊற்றினால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். மெருகில்லாத மண்தொட்டி நல்லது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். அடியில் தட்டு வைத்திருந்தால், ஊற்றிய பின் அதில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். உரம் வளரும் பருவத்தில் ஓரிரு முறை, அதுவும் தழைச்சத்து குறைந்ததாக, பாதி வீரியத்தில். தழைச்சத்து கூடினால் மடல் உப்பி மென்மையாகும், நோயும் பூச்சியும் அதைத்தான் முதலில் தேடி வரும்.

வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். வெளிச்சம் போதாத இடத்தில் புது மடல்கள் அகலாமல், எலிவால்போல் ஒல்லியாக நீளும். அந்த மடல் பிறகு எத்தனை வெயில் பட்டாலும் அகலாது. வெட்டிவிட்டுச் செடியை வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டியதுதான். ஆனால் நிழலில் இருந்ததை ஒரே நாளில் கொளுத்தும் வெயிலுக்கு நகர்த்தினால் தோல் வெந்து, வெளிறிய தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். பழகிய செடியின் தாங்கும் சக்தி வியக்க வைப்பது. மடலின் வெப்பம் 60 டிகிரியைத் தொட்டாலும் பிழைத்துக்கொள்ளும். குளிரில் இனத்துக்கு இனம் வேறுபாடு அதிகம். பழத்துக்காக வளர்க்கும் ஃபைகஸ்-இண்டிகா உறைநிலைக்கு ஐந்தாறு டிகிரி கீழே போனாலே அடிபடும். ஹ்யூமிஃபூசா என்ற குட்டையான இனமோ உறைநிலைக்கு 20 டிகிரி கீழேயும் வாழும். குளிர் வரும்போது அது தன் நீரைக் குறைத்துக்கொண்டு, சுருங்கி, தரையோடு படுத்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், வசந்தத்தில் நிமிரும். வயதான செடியின் அடிமடல்கள் பழுப்பேறி மரப்பட்டைபோல் கெட்டிப்படுவதும் நோயில்லை, பாரம் தாங்குவதற்கான முதிர்ச்சி.

முள்ளைவிடச் சுணைக்கு அஞ்சுங்கள்

நீண்ட முள் கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். ஒவ்வொரு கண்ணிலும் கொத்தாக நிற்கும் சுணைதான் தொல்லை. தலைமுடியைவிட மெல்லிய இழை. ஒவ்வொன்றிலும் பின்னோக்கி வளைந்த நுண்ணிய கொக்கிகள். உரசினாலே கழன்று நூற்றுக்கணக்கில் தோலில் ஏறிவிடும். முயல்காதுபோல் அழகாக இருப்பதால் வீட்டுக்குள் வளர்க்கப்படும் மைக்ரோடேசிஸ் இனத்தில் பெரிய முள்ளே கிடையாது; வெல்வெட் பொட்டு வைத்ததுபோல் தெரிவதெல்லாம் சுணை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். ‘முள்ளில்லாதது’ என்று விற்கப்படும் வகைகளிலும் சுணை கொஞ்சம் இருக்கும்.

கையாள நீண்ட இடுக்கியோ, பல மடிப்பாக மடித்த செய்தித்தாளோ போதும். தோல் கையுறையில் சுணை ஏறிவிட்டால் அடுத்த முறை அந்தக் கையுறையே குத்தும். தைத்துவிட்டால் தேய்க்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் முள்வாங்கியால் எடுத்தவரை எடுத்துவிட்டு, மீதிக்கு வெள்ளைப் பசையை மெல்லிதாகத் தடவி அதன் மேல் வலைத்துணி ஒட்டி, நன்கு காய்ந்ததும் உரித்தெடுங்கள். பெரும்பகுதி அதோடு வந்துவிடும். கண்ணில் பட்டால் மட்டும் எதுவும் செய்யாமல் நேரே மருத்துவரிடம் போங்கள். காற்று பலமாக வீசும்போது பழம் பறிப்பதைத் தள்ளிப்போடுவதும் இதனால்தான்.

வெள்ளைப் பஞ்சும் அதன் பெரிய கதையும்

மடலின் மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் அதில் ஒன்றைக் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். இரத்தம்போல் செக்கச்செவேலென்று சாறு வந்தால் அது கொச்சினீல் பூச்சி. மாவுப்பூச்சியின் தூரத்து உறவு. மெழுகுப் பஞ்சுக்குள் ஒளிந்துகொண்டு மடலின் சாற்றை உறிஞ்சும். சில இடங்களில் மட்டும் இருக்கும்போதே, வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். பிறகு சோப்புக் கரைசலை மென்தூரிகையால் தடவுங்கள். பஞ்சு உறை இருக்கும்வரை எந்த மருந்தும் உள்ளே இறங்காது. வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் திரும்பச் செய்தால்தான் புதிதாகப் பொரிந்த குஞ்சுகளும் ஒழியும்.

அந்தச் சிவப்பை ஒரு காலத்தில் உலகமே தேடி அலைந்தது. மெக்சிகோவில் கள்ளியை வளர்த்ததே பல இடங்களில் இந்தப் பூச்சிக்காகத்தான். உலர்த்திய பூச்சியிலிருந்து கிடைக்கும் கார்மினிக் அமிலம் துணிக்கு அழியாத கருஞ்சிவப்பைத் தரும். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பெயின் அதை இரகசியமாகப் பொத்திவைத்து வணிகம் செய்தது. மற்ற வல்லரசுகள் அதைக் கைப்பற்ற முயன்றதுதான் சப்பாத்திக்கள்ளி உலகெங்கும் பரவியதற்கு ஒரு பெரிய காரணம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சி வளர்ப்பதற்காகவே சென்னை சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குப் பூச்சி வந்தும் சேர்ந்தது. ஆனால் வந்தது தவறான இனம். சாயம் தேறவில்லை, பூச்சி மட்டும் பெருகி, காட்டுக்கள்ளியின் ஓர் இனத்தை அழிக்கத் தொடங்கியது. அதைக் கவனித்த நிர்வாகம் 1830களில் அதே பூச்சியைத் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்து, களையை அழிக்க வேண்டுமென்றே விட்டது. பூச்சியைக் கொண்டு களையை ஒழித்த முதல் வெற்றி என்று உயிரியல் கட்டுப்பாட்டு வரலாறு இதைத்தான் குறிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் பெரிது. 1788இல் அங்கே போய்ச் சேர்ந்த முதல் கப்பல் அணி, வழியில் ரியோ டி ஜெனிரோவில் பூச்சி படிந்த கள்ளியை ஏற்றிக்கொண்டது. அந்த இனம் பெரிதாகப் பரவவில்லை. பின்னால் வேலிக்காகவும் அழகுக்காகவும் வந்த இனங்கள்தான் கட்டுமீறின. 1920களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலம் கள்ளிக்காடானது. விவசாயிகள் நிலத்தை விட்டுவிட்டு வெளியேறினார்கள். 1925இல் அர்ஜென்டினாவிலிருந்து கேக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொண்டுவந்து வளர்த்து, மறுவருடம் முதல் வெளியில் விட்டார்கள். அதன் புழுக்கள் மடலுக்குள் புகுந்து குடைந்து தின்றன. 1930களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான நிலம் மீண்டுவிட்டது. அந்தப் பூச்சிக்கு நன்றி சொல்லும் விதமாக 1936இல் குயின்ஸ்லாந்தின் பூனார்கா ஊரில் கட்டிய நினைவு மண்டபம் உண்டு.

இதை இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் செடியில் முள்ளைப்போல் நீட்டிக்கொண்டு, முள் வரிசைக்குப் பொருந்தாமல், லேசாக வளைந்த ஒரு பழுப்புக் குச்சி தெரிந்தால் அது அந்த அந்துப்பூச்சியின் முட்டைக்கோவையாக இருக்கலாம். ஒரே குச்சியில் எழுபது எண்பது முட்டைகள் காசு அடுக்கியதுபோல் ஒட்டியிருக்கும். கிள்ளி எடுத்து நசுக்கிவிடுங்கள். கறுப்புப் பட்டை போட்ட செம்மஞ்சள் புழுக்கள் உள்ளே புகுந்துவிட்டால் அந்த மடலையே வெட்டி எரிப்பதுதான் வழி.

பூவும் பழமும்

பூ பெரும்பாலும் முந்தைய ஆண்டு மடலின் மேல்விளிம்பில் வரும். ஆகவே பூ வேண்டுமென்றால் ஒரு வயது மடல்களைக் கழிக்காதீர்கள். ஒரு பூவின் ஆயுள் பொதுவாக ஒரு நாள். காலையில் எலுமிச்சை மஞ்சளாக விரிந்தது மாலைக்குள் செம்மஞ்சளாகி மூடும். விரிந்திருக்கும் நேரத்தில் ஒரு வேலை செய்து பாருங்கள். உள்ளே அடர்ந்து நிற்கும் மகரந்தத் தாள்களை ஒரு புல் நுனியால் லேசாகத் தொடுங்கள். கண்முன்னே அவை மெதுவாக நடுத்தண்டை நோக்கி மடங்கும். தேனீ உள்ளே இறங்கும்போது அதன் உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசிவிட இந்த அசைவு. தொட்டாற்சிணுங்கியைப் பார்த்து வியந்தவர்களுக்கு இது இன்னொரு விருந்து.

பழத்தின் வெளித்தோலும் உண்மையில் தண்டின் பகுதியே. அதனால்தான் அதிலும் கண்ணும் சுணையும் இருக்கின்றன, பச்சைப் பழத்தை மண்ணில் நட்டால் அதுவும் வேர்விட்டுச் செடியாகிறது. பழத்தின் சிவப்பும் மஞ்சளும் பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமிகள். நிறம் முழுக்க மாறி, இடுக்கியால் திருகினால் எளிதில் கழலும்போது பறிக்கலாம். ஓடும் நீரில் தூரிகையால் தேய்த்துச் சுணையைப் போக்கிய பிறகே தோலை உரிக்க வேண்டும். விதைகளை அளவுக்கு மீறி விழுங்கினால் குடலில் கட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்குச் சாறாக வடிகட்டித் தருவது நல்லது.

சிசிலித் தீவின் விவசாயிகள் இந்தச் செடியிடம் ஒரு வித்தை கற்றிருக்கிறார்கள். மே கடைசியிலும் ஜூனிலும் முதல் முறை வந்த பூக்களை மொத்தமாகத் தட்டி உதிர்த்துவிடுவார்கள். சில வாரங்களில் செடி மறுபடி பூக்கும். அந்தப் பழங்கள் இலையுதிர் காலத்தில், முதல் பறிப்பைவிடப் பெரிதாக, விதை குறைந்து, சதை மிகுந்து விளையும். பக்கத்துத் தோட்டக்காரன்மேல் இருந்த பகையில் ஒருவன் பூக்களை அடித்து நாசம் செய்ததில் தொடங்கிய பழக்கம் இது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள்.

செடி பெரிதானதும் கழிக்க வேண்டி வரும். மழையில்லாத உலர்ந்த நாளில், மடல்கள் சேரும் கழுத்தில் வெட்டுங்கள். ஒன்றோடொன்று உரசும் மடல்களையும் உள்நோக்கி வளர்வதையும் முதலில் எடுத்தால் காற்று புகுந்து பூச்சி குறையும். கழித்த மடல்களை என்ன செய்வது என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது. எருக்குழியிலோ, ஓடைக்கரையிலோ, வேலிக்கு அப்பாலோ எறிந்தால் ஒவ்வொன்றும் வேர்விடும். வெள்ளம் அடித்துப் போகும் இடமெல்லாம் முளைக்கும். பல நாடுகளில் சில இனங்களை வளர்க்கவும் விற்கவும் தடை உண்டு. புதிய இனம் வாங்குமுன் உங்கள் பகுதியின் விதியை விசாரித்துவிடுங்கள். வேண்டாத மடல்களைச் சிறு கீற்றுகளாக நறுக்கி, மண் படாத சிமெண்டுத் தரையில் பரப்பி, வெயிலில் திருப்பித் திருப்பிப் போடுங்கள். முழு மடலாகப் போட்டால் வாரக்கணக்கில் பசுமை மாறாது. கீற்றுகள் ஒடித்தால் மளுக்கென்று முறியும் அளவுக்குக் காய்ந்த பிறகு எரித்துவிடலாம். அதற்கு வசதியில்லாதவர்கள் இடுப்பளவு ஆழக் குழியில் போட்டு மண்ணை நன்றாக மிதித்து மூடிவிட்டு, அடுத்த மழைக்குப் பிறகு அந்த இடத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்.